பரிசாக வந்த பொருள் பழுதானால்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் 25ஆவது திருமண நாளுக்கு என் கணவர் ரேடியோவுடன் கூடிய ஸ்பீக்கர் ஒன்றைப் பரிசளித்தார். இப்போது அவர் இல்லை. பதினோராம் மாதத்தில் அது பேசாமல் போய்விட்டது. சேலத்து சர்வீஸ் சென்டரில், "பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துச் செல்லுங்கள்" என்கிறார்கள். அதன் அடியில் அவர் கைப்பட மார்க்கரால் எழுதிய தேதி இருக்கிறது. பில் அவர் பெயரில் உள்ளது.
(வாசகி, ஏற்காடு)

பதில்: பழையதைக் கொடுக்காதீர்கள், அம்மா. பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா என்று தீர்மானிக்கும் உரிமையைப் பெரும்பாலான வாரண்டி அட்டைகள் நிறுவனத்துக்கே தருகின்றன என்பது உண்மை. ஆனால் மாற்றுப் பொருளை ஏற்றே தீரவேண்டும் என்று உங்களை எவரும் கட்டாயப்படுத்த முடியாது. "இதே கூடு எனக்குத் திரும்ப வேண்டும், உள்ளே இருக்கும் போர்டை மட்டும் மாற்றலாம், என்னைக் கேட்காமல் வேறு செட் தரக்கூடாது" என்று, பழுதுபார்க்கப் பொருளைப் பெறும்போது அவர்கள் தரும் ஜாப் ஷீட்டிலேயே எழுதச் சொல்லி, நகலைக் கையில் வாங்கிய பிறகே ஒப்படையுங்கள். அதற்கு முன் சீரியல் எண்ணையும் அடியில் உள்ள கையெழுத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்தைக் காரணம் காட்டி, "ஈரம் இறங்கிவிட்டது, வாரண்டி செல்லாது" என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

பில் கணவர் பெயரில் இருப்பது தடையே அல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோராகவே ஏற்கிறது. நுகர்வோர் இறந்துவிட்டால் அவருடைய சட்டப்படியான வாரிசு புகார் தரவும் வழி செய்திருக்கிறது. நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வாரண்டி முடிய ஒரு மாதமே இருப்பதால் இந்த வாரமே மலையிறங்கிவிடுங்கள்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய எலக்ட்ரானிக் கீபோர்டு முதல் நாளே ஒலிக்கவில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருக்கிறார்கள்.
(வாசகர், ஓமலூர்)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது, பில்லில் வேறு கெடு குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள் அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சட்டமே சொல்கிறது.

கேள்வி: தங்கையின் திருமணத்துக்காக ஒரு செல்போன் வாங்கினேன். பில் வேண்டாம் என்றால் 18 சதவீத வரி மிச்சம் என்றார் கடைக்காரர். பத்தாம் நாள் திரை அணைந்துவிட்டது. இப்போது, "இது எங்கள் கடையில் வாங்கியதே இல்லை" என்கிறார்.
(வாசகர், அம்மாபேட்டை)

பதில்: வரியை மிச்சம் பிடிக்கப் போய், கையில் இருந்திருக்கவேண்டிய முதல் சாட்சியை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் மறுபடி மறுபடி வருகிறது. யூபிஐ மூலம் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவு, கடைக்காரருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், பெட்டியில் உள்ள, போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பில் தராமல் விற்பதும் தவறுதான். ஆனால் வேண்டாம் என்றவர் நீங்கள்தான் என்று அவர் வாதிடுவார்.

கேள்வி: புதுமனை புகுவிழாவுக்குப் பெரியம்மா தந்த இன்டக்‌ஷன் அடுப்பு மூன்றாம் மாதமே நின்றுவிட்டது. பில் கேட்டால் தவறாக நினைத்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.
(வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: தயங்காமல் கேளுங்கள். பரிசின் விலை தெரியக்கூடாது என்று ஒட்டியைச் சுரண்டி, பில்லை எடுத்துவிட்டு, கடை முத்திரையும் தேதியும் இல்லாத வெற்று வாரண்டி அட்டையோடு வண்ணக் காகிதம் சுற்றிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. விலையை மறைப்பதற்காக, பெறுபவரின் உரிமையையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம்.

என் தந்தையார் பணி ஓய்வு பெற்றபோது, ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் அவருக்கு ரேடியோ வாங்கினேன். விலை தெரிந்தால் கடிந்துகொள்வார் என்று பில்லைக் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டேன். நாற்பதே நாட்களில் அதன் ஒலி நின்றிருக்கிறது. சொன்னால் நான் வருந்துவேன் என்று அவர் வாய் திறக்கவில்லை. ஓராண்டு கழித்து வீட்டுக்குப் போனபோது, அலமாரியில் துண்டு போர்த்தி வைத்திருந்த அதன் குமிழைத் திருகினேன். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அந்தக் கடைக்காரர் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்றுவரை என் மனம் ஆறவில்லை.

ஆகவே பரிசு கொடுப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: விலை உறுத்தினால் பில்லைத் தனி உறையில் ஒட்டிக் கொடுங்கள், அல்லது நீங்களே பத்திரமாக வைத்துக்கொண்டு, பழுதானால் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் பெரியம்மாவிடம், "நீங்கள் கொடுத்ததைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, சரிசெய்ய பில் வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். மகிழ்ந்து தேடி எடுப்பார்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஸ்மார்ட் வாட்சை நான்கு மாதம் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்து மருமகனுக்குக் கொடுத்தோம். சார்ஜ் ஏறவில்லை.
(வாசகர், மேட்டூர்)

பதில்: திருப்பி அனுப்பும் கெடு போய்விட்டது, மிச்சமிருப்பது வாரண்டி மட்டும்தான். அடுத்த முறை வந்த அன்றே பிரித்து இயக்கிப் பாருங்கள்.

கேள்வி: அம்மா காலமாகி ஒரு மாதம் ஆகிறது. நான் அவருக்குப் பரிசளித்த செல்போனில் அவருடைய குரல் பதிவுகள் உள்ளன. இப்போது போன் ஆன் ஆகவில்லை. மதர்போர்டை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள்.
(வாசகர், ஆத்தூர்)

பதில்: தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். பதிவுகள் இருக்கும் மெமரி சிப் அந்த மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. போர்டு போனால் குரலும் போய்விடும். இன்றைய போன்களில் தகவல்கள் பூட்டியே சேமிக்கப்படுவதால், சிப்பை மட்டும் கழற்றி வேறிடத்தில் வைத்தாலும் திறக்காது. பழைய போர்டையே கொஞ்ச நேரமாவது உயிர்ப்பித்து, அம்மா வைத்திருந்த பேட்டர்னைப் போட்டுத் திறந்து எடுக்கவேண்டும். போர்டு அளவில் வேலை தெரிந்தவரை விசாரித்துக் கண்டுபிடியுங்கள். வெளியாள் திறந்தால் வாரண்டி போகக்கூடும். உங்கள் நிலையில் இருந்தால் நான் போகட்டும் என்றே விடுவேன்.

அதற்கு முன்பே செய்யவேண்டியது ஒன்று உண்டு. தொடர்ந்து 120 நாட்கள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடும் என்பதால், அம்மாவின் சிம்முக்கு உடனே ரீசார்ஜ் செய்து, அதை வேறொரு ஆண்ட்ராய்டு போனில் போட்டு, அவருடைய கூகுள் கணக்கில் பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் அனுப்பிய குரல் செய்திகள் சித்தி, மாமா, அக்கம்பக்கத்தார் போன்களிலும் இருக்கும். அவர்கள் போனை மாற்றுவதற்குள் ஒவ்வொருவரையும் அழைத்து, அவற்றை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.