உதறிப் போட்டது யார்?

கேள்வி: சின்ன வயதில் கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடியது, வெயிலில் காய்ந்த போர்வையை இழுத்து முகர்ந்தது எல்லாம் இன்னும் மறக்கவில்லை. இப்போது மெஷினே துவைத்து, மெஷினே காயவைத்துத் தருகிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சுகம் எங்கே கிடைக்கப் போகிறது? அந்த வாசனை நிஜம்தானா, என் மனப்பிரமையா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பிரமை இல்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சோப்பு எதுவும் சேர்க்காமல் சுத்தமான தண்ணீரில் அலசிய பருத்தித் துண்டுகளை வெயிலிலும், வெளியே நிழலிலும், அறைக்குள்ளும் காயப்போட்டு, எதிலிருந்து என்ன ஆவி வருகிறது என்று அளந்தார்கள். வெயிலில் காய்ந்த துண்டில் பென்டனல், ஆக்டனல், நோனனல் போன்ற ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்கள் தனியாகத் தெரிந்தன. செடிகளிலும் வாசனைத் திரவியங்களிலும் இருக்கிற அதே சங்கதிகள்தான். 2020-இல் ஆய்வு வெளியானது. ஆக, உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை.

உங்கள் நினைவைத்தான் முழுதாக நம்ப முடியவில்லை. நீங்கள் சொன்னதில் கொடி இருக்கிறது, வெயில் இருக்கிறது, போர்வை இருக்கிறது. அதைத் துவைத்துக் காயப்போட்டவரைக் காணோமே?

ஈரப் போர்வையை ஒரு ஆளாகப் பிழிந்திருக்கிறீர்களா? உள்ளே நிற்கிற ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ. அதை வாளியோடு தூக்கி வந்து, கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, ஓரம் தரையில் படாமல் எறிந்து போட வேண்டும். தோள்பட்டையில் கிளிப்பின் தடம் விழக்கூடாதென்று சட்டையைத் தலைகீழாகப் போட வேண்டும். அப்புறம் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் நீங்கள் மண் ஒட்டிய கையோடு வந்து, வெள்ளை விரிப்பை விலக்கிக்கொண்டு ஓடினீர்கள். ஐந்து விரலும் அதில் பதிந்தன. அதை மறுபடி துவைத்தவருக்கு அந்தக் காலம் எப்படி நினைவிருக்கும் என்று கேட்டுப் பாருங்களேன்.

வெயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது என்பதும் பாதி உண்மைதான். காற்றில்லாத இடத்தில் காய்ந்த துண்டு அட்டை மாதிரி விறைத்து நிற்கும். பருத்தி இழைகளில் கடைசியாகத் தங்கிவிடும் கொஞ்சம் தண்ணீர் பசைபோல் அவற்றை ஒட்டவைப்பதுதான் காரணம். போடும்போது ஒரு உதறு, எடுக்கும்போது ஒரு உதறு என்று உதறியதால்தான் உங்கள் துண்டு மெத்தென்று இருந்தது. உதறியது வெயில் அல்ல.

கயிறு விஷயமும் அப்படித்தான். இழுத்துக் கட்டினால் தொய்யாது என்று நினைத்துக் கட்டுவார்கள். மறுநாள் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நடுவில் 10 கிலோ ஈரத்துணி தொங்கி, கயிறு இரு பக்கமும் 5 டிகிரிதான் தாழ்கிறது என்றால், கயிற்றில் ஏறும் இழுவிசை கிட்டத்தட்ட 57 கிலோ எடைக்குச் சமம். கொஞ்சம் தொய்வாகவே விட்டு, நடுவில் கவைக்கம்பு கொடுத்து நிமிர்த்தியவருக்கு இது கணக்காக இல்லாமல் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது.

மெஷின் மீது எனக்குக் கோபம் கிடையாது. வீட்டுக்குள் நாள் முழுக்க ஈரமாகவே கிடந்து நாறுகிற துணிக்கு அது எவ்வளவோ மேல். அந்த நாற்றத்துக்குப் பெரும்பாலும் மொராக்செல்லா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. கொடியில் அது இலவசம். இடமும் வெயிலும் இருந்தும் மெஷினை ஓட்டுபவர்கள் வாசனை போச்சே என்று புலம்புவதைத்தான் என்னால் ரசிக்க முடியவில்லை.

சரி, பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும் என்கிறீர்கள். உங்கள் வீட்டில் கயிறு கட்ட இடமிருந்தால் அங்கேயே கிடைக்கும். முதல் வாளியை நீங்கள் தூக்குங்கள். வெள்ளைத் துணியை நல்ல வெயிலில் போடலாம். சாயத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள், இல்லையென்றால் வெளுத்துவிடும். பிள்ளைகள் நடுவில் ஓடினால் விட்டுவிடுங்கள். விரல் தடம் பதிந்த விரிப்பை மறுபடி துவைப்பதும் இந்த முறை உங்கள் வேலை.