நான் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 34 வயது. விளம்பர ஏஜென்சி ஒன்றில் ஒன்பது வருடம் காப்பிரைட்டராக, அதாவது விளம்பர வாசகம் எழுதுகிறவனாக, இருந்தேன். ஆறு மாதத்துக்கு முன் கிரியேட்டிவ் ஹெட் ஆக்கினார்கள். டீமில் 11 பேர், பெரும்பாலும் பழைய சிநேகிதர்கள்தான். முன்பெல்லாம் எங்கள் மேசையைச் சுற்றி எப்போதும் கலாட்டா. கிளையன்ட் நிராகரித்த விளம்பர வரிகளைச் சுவரில் ஒட்டி, அந்தச் சுவருக்குக் 'கல்லறை' என்று பேர் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் இரங்கல் கூட்டம் நடத்துவோம். இப்போது நான் பக்கத்தில் போனாலே பேச்சு நின்றுவிடுகிறது. நான் இல்லாத வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஓடுகிறது என்றும் தெரிந்தது. பழைய கலகலப்பு திரும்ப வரட்டும் என்று வெள்ளிக்கிழமை மாலை 4 முதல் 5 வரை விளையாட்டு நேரம் வைத்தேன். எல்லாரும் வருகிறார்கள், சிரிக்கிறார்கள், 5 மணி ஆனதும் கலைந்துவிடுகிறார்கள். போன வாரம் ஒருவர், "டெட்லைன் இருக்கு, நான் வராம இருக்கலாமா?" என்று கேட்டார். நான் மாறவே இல்லை அக்கா. எங்கள் டிசைனரின் ஃபான்ட் தேர்வை முன்பு எப்படிக் கிண்டல் செய்வேனோ அப்படித்தான் இன்றைக்கும் செய்கிறேன். அவர்தான் முன்பு போலச் சிரிப்பதில்லை. டேபிள் டென்னிஸ் மேசை வாங்கித் தருகிறோம் என்கிறது நிர்வாகம். வாங்கச் சொல்லட்டுமா? வேறு ஏதாவது செய்யலாமா?

— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

டேபிள் டென்னிஸ் மேசை வந்தால் வரட்டும், யாராவது விளையாடுவார்கள். ஆனால் உங்கள் மனக்குறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் கடிதத்தில் "நான் மாறவே இல்லை" என்ற இடத்துக்கு வந்ததும் மேலே படிக்காமல் நின்றுவிட்டேன். அதை நீங்கள் ஆறுதலாகச் சொல்கிறீர்கள். எனக்கோ அங்கேதான் முடிச்சு விழுந்திருக்கிறது என்று தோன்றியது. அந்த டிசைனரை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடமாக அவருடைய ஃபான்டைக் கிண்டல் செய்தீர்கள். அவரும் சும்மா இருந்திருக்க மாட்டார். உங்கள் தலைப்பு வரி ரொம்ப நீளம், லேஅவுட்டில் அடங்கவில்லை, பக்கத்தை விட்டு வெளியே ஓடுகிறது என்று எத்தனை தடவை வாரியிருப்பார்! இரண்டு பேரும் அடித்துக்கொண்டதால்தான் அது விளையாட்டாக இருந்தது. இன்றைக்கு அவருடைய வருட மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுவது நீங்கள். "இது என்ன ஃபான்ட், மருந்துச் சீட்டு மாதிரி?" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறீர்கள். மற்ற பத்துப் பேரும் கூடவே சிரிக்கிறார்கள். அவர் மட்டும் தன் திரையைப் பார்த்தபடி, 'நிஜமாகவே பிடிக்கவில்லையோ, மாற்றிவிடலாமா' என்று யோசிக்கிறார். பழையபடி உங்களைத் திருப்பி வாரலாம் என்றாலும் வாய் வருவதில்லை. அதே வார்த்தை, அதே குரல், அதே ஆள்தான். ஆனால் இப்போது அது மேலேயிருந்து விழுகிறது.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பதவி உயர்வுக் கடிதம் கொடுக்கிறவர்கள் இந்த இழப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. பாவம், நீங்களாகத் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஏங்குகிற அந்தக் கலகலப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தீர்களா? ராபர்ட் புரொவைன் என்று ஒரு அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். தம் மாணவர்களோடு பொது இடங்களில் நின்று, மக்கள் பேசிச் சிரிப்பதைக் காதுகொடுத்துக் கேட்டு, சுமார் 1,200 சிரிப்புகளைக் குறித்து வைத்தார். அவற்றில் வேடிக்கை என்று சொல்லும்படியான பேச்சுக்குப் பிறகு வந்தவை 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்", "ஓ, நீயா?" என்கிற மாதிரி சாதாரணப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல 30 மடங்கு ஆட்களோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். உங்கள் மேசையில் நடந்ததும் அதுதான். ராத்திரி பத்து மணிக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் நிஜ ஃபைனல்' என்று மூன்று ஃபைல்களைத் திறந்து வைத்துக்கொண்டு எதை அனுப்பினோம் என்று தெரியாமல் முழிப்பீர்கள். யாரோ "லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கணுமாம்" என்று மெயிலைப் படிப்பார். அதில் என்ன ஜோக் இருக்கிறது? ஆனாலும் மேசையே குலுங்கிச் சிரிக்கும். எல்லாரும் ஒரே குழியில் கிடந்த நேரம் அது. வெள்ளிக்கிழமை 4 மணிக்கு அப்படி ஒரு குழி இல்லை. வேலையை நடுவில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, ஹெட் முகம் வாடக்கூடாதே என்று சிரிக்கிறார்கள். உங்கள் மேல் அன்பு இருப்பதால்தான் அதையாவது செய்கிறார்கள்.

உங்கள் தொழிலிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஒரு காலத்தில் ஏஜென்சிகளில் காப்பிரைட்டர் ஒரு அறையில் வரியை எழுதி முடித்து, படம் போடுகிற பிரிவுக்கு அனுப்பிவிடுவார். அவர்கள் அதைச் சுற்றிப் படம் வரைவார்கள். 1949-இல் நியூயார்க்கில் நண்பர்களோடு ஏஜென்சி தொடங்கிய பில் பெர்ன்பாக்தான் எழுதுகிறவரையும் வரைகிறவரையும் ஒரே அறையில் ஜோடியாக உட்கார வைத்தார். வெற்றுப் பக்கத்தின் மூலையில் சின்னதாக ஒரு கார் நிற்கும் அந்த 1959 ஃபோக்ஸ்வேகன் விளம்பரம் இந்த ஏற்பாட்டில் வந்ததுதான். வரி ஜூலியன் கோனிக், வடிவமைப்பு ஹெல்முட் குரோன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அரைகுறையாக ஒன்றைச் சொல்லி, அதைப் பார்த்துச் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே அடுத்ததைப் பிடிப்பதுதான் இந்த வேலை. சிரிப்புக்கென்று தனி நேரம் ஒதுக்கினால் நன்றாக இருக்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

பொருட்களை வாங்கிப் போட்டால் கலகலப்பு வந்துவிடும் என்று நினைத்தவர்களும் உண்டு. 1990-களில் லாஸ் ஏஞ்சலஸில் ஜே ஷயட் தம் ஏஜென்சியில் எல்லாருடைய சொந்த மேசையையும் எடுத்துவிட்டார். காலையில் வந்து லேப்டாப்பையும் போனையும் வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கூடிப் பேசுவதற்குப் பொருட்காட்சி ராட்டினத்தின் இருக்கைகளைக்கூடக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்க்கக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை செய்கிறவர்கள் காகிதங்களைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு, தங்கள் டீம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடி அலைந்தார்கள். 1998-இல் அவரவருக்கு மேசையுள்ள புது இடத்துக்கு மாறினார்கள். உங்கள் டீமுக்கு ஒரு மேசையும் ஒரு சுவரும் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கல்லறைச் சுவர் இன்னும் இருக்கிறதா? அதில் கடைசியாக உங்கள் வரி எப்போது ஒட்டப்பட்டது?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நானும் ஏஜென்சியில் பல வருடம் எழுதினவள். என் முதல் ஹெட் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாதவர். ஆனாலும் அவர் வந்தால் நாங்கள் நோட்டை மூடிவிடுவோம். ஒரு பெரிய பிட்ச், அதாவது புது கிளையன்டைப் பிடிக்கிற போட்டி. மறுநாள் காலை பிரசன்டேஷன். எங்களிடம் ஒன்றும் இல்லை. அவர் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மூன்று வரிகள், அடித்து அடித்துத் திருத்தி எழுதியவை. நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல எது ரொம்ப மோசம், சொல்லுங்க" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. சேர்ந்து மூன்று வாரமே ஆன பையன் மெதுவாக, "மூணுமே சார்" என்றான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவர் அந்தத் தாளை இன்னொரு தடவை பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் அந்தப் பையனிடம் பேனாவை நீட்டி, "சரி, ரெண்டாவதைச் சரி பண்ணு, பார்க்கலாம்" என்றார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு நோட்டாகத் திறந்தது. விடிகிறவரை சிரித்தோம், எழுதினோம். அந்த பிட்ச் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கப்புறம் அவர் வந்தால் நாங்கள் நோட்டை மூடியதே இல்லை.

அவர் அன்றைக்குச் செய்ததைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன். அடுத்த பிரீஃப், அதாவது கிளையன்டுக்கு என்ன வேண்டும் என்கிற குறிப்பு, வரும்போது எல்லாரும் முதலில் அரை மணி நேரம் தனித்தனியாக உட்கார்ந்து எழுதட்டும். சேர்ந்து கூடி யோசித்தால் நிறைய வரும் என்று நாம் நினைக்கிறோம். யேல் பல்கலைக்கழகத்தில் 1958-இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது. நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைக் கூட்டிப் பார்த்தால், நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து யோசித்ததைவிட அதிகமாக இருந்தது. கூட்டத்தில் சத்தமாகப் பேச வராத ஆள் உங்கள் பதினொரு பேரிலும் ஒருவராவது இருப்பார். அவருக்கும் இது நல்லது. அரை மணி ஆனதும் கூடுங்கள். முதலில் நீங்கள் படியுங்கள். நன்றாக வந்ததைப் படிக்காதீர்கள். நிஜமாகவே தடுமாறி எழுதின, உங்களுக்கே கூச்சமாக இருக்கிற வரியைப் படியுங்கள். வேண்டுமென்றே மோசமாக எழுதிக்கொண்டு போனால் கண்டுபிடித்துவிடுவார்கள், அது இன்னும் கெடுதல். யாராவது உங்களை வாரினால் அந்த வாரத்திலேயே அவருடைய வேலையில் குறை சொல்ல நேராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சாதாரணமாகச் சொன்னாலும் அவர் கணக்குப் போட்டுவிடுவார்.

வெள்ளிக்கிழமை விளையாட்டை நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவர்களிடமே கொடுங்கள். வீட்டுக்குப் போகிறவர் போகட்டும். டெட்லைன் இருக்கிறது என்று கேட்டவருக்கு உங்களிடம் அதைச் சொல்லும் தைரியம் இருந்ததே, அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் உங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று யாரிடமும் விசாரிக்கவும் வேண்டாம். நீங்கள் காப்பிரைட்டராக இருந்தபோது உங்கள் ஹெட் இல்லாமல் எவ்வளவு பேசியிருப்பீர்கள்! அந்த உரிமை அவர்களுக்கும் வேண்டும். இது வலிக்கும், தெரியும். ஒன்பது வருடம் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஓரத்தில் நிற்பது லேசில்லை. அந்த வலியை உங்கள் டீமிடம் கொண்டுபோகாமல், வேறு ஏஜென்சியில் உங்களைப் போலவே ஹெட் ஆன சிநேகிதர் யாராவது இருந்தால் அவரிடம் கொட்டுங்கள். அவருக்கும் கொட்ட வேண்டியது இருக்கும்.

கடைசியாக அந்த டிசைனர். எல்லார் முன்னாலும் வேண்டாம், தனியாகப் பார்க்கும்போது சொல்லுங்கள்: "உங்க ஃபான்ட் பத்தி நான் பேசறது இப்ப விளையாட்டா இல்லைன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. மன்னிச்சுக்குங்க. இனி வேலை சம்பந்தமா ஏதாவது இருந்தா நேராவே சொல்றேன்." இவ்வளவு போதும். காரணம் விளக்கிக்கொண்டே போக வேண்டாம். அவர் அநேகமாக, "அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லை, சும்மா கிண்டல்தானே" என்பார். அதை நம்பி மறுநாளே ஆரம்பித்துவிடாதீர்கள். உங்கள் நீளமான தலைப்பு வரியை அவர் மறுபடி வாருகிறவரை காத்திருங்கள்.

அன்புடன்,
அக்கா