யோகா சொல்லிக்கொடுக்கப் பணம் வாங்குவது தவறா?

தவறே இல்லை, தாராளமாக வாங்குங்கள். பயிற்சி முடித்த கையோடு தெரிந்தவர்கள் யாராவது "இதைச் சேவையா செய்யலாமே" என்று சொல்லியிருப்பார்கள், அதில் வந்த தயக்கமாகத்தான் இருக்கும்.

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தள ஹாலில் விடிகாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மாதம் 800 ரூபாய். அதே ஹாலில் சாயந்திரம் ஜும்பா நடன வகுப்பு, அதற்கு 1,500, யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னிடம் மட்டும் சங்கச் செயலாளர், "ரிஷிங்க குடுத்ததை வியாபாரம் ஆக்கலாமாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். முழங்கால் வலியோடு வரும் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து என்னென்ன செய்யவைக்கலாம், பிரஷர் இருப்பவரைத் தலைகீழ் ஆசனம் செய்யவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆளாளுக்கு யோசிக்கிறேனே, அந்த உழைப்புக்குத்தான் காசு.

யோகாவை உலகம் முழுக்கப் பரப்பிய பி.கே.எஸ். ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் குருவான கிருஷ்ணமாச்சாரியார், மைசூர் மகாராஜாவின் ஆதரவில்தான் அரண்மனை யோகசாலையை நடத்தினார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஆதரவு போனது, 1950ல் யோகசாலையே மூடிப்போனது. அவ்வளவு பெரிய வித்வானுக்கே அதுதான் நிலைமை. நமக்கு எந்த ராஜா படியளக்கிறார்?

உடனே, ரிஷிகேஷில் ஒரே மாதத்தில் 200 மணி நேர யோகா ஆசிரியர் சான்றிதழ் விற்பவர்களுக்கு வக்காலத்தா என்று யாராவது வருவார்கள். இல்லை. கட்ட முடியாதவர்களிடம் நானும் வாங்குவதில்லை, ஆனால் அது யார் என்று முடிவு செய்ய வேண்டியது நான், சங்கம் இல்லை.

ஜூன் 21, யோகா தினம் வந்தால் கம்பெனிகள் கூப்பிடும். மைக் செட்டுக்குப் பணம், டிபனுக்குப் பணம், எனக்குப் பொன்னாடை. ஆட்டோவுக்குக்கூடத் தர மாட்டார்கள். இப்போதெல்லாம் போனிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியே ஆகணும். அந்தக் குடியிருப்பில் நானும் வீட்டுவேலைக்கு வரும் அக்காக்களும் சர்வீஸ் லிஃப்டில்தான் போகணும். அது பாதி நாள் ஓடாது. பக்கத்தில் மெயின் லிஃப்ட் காலியாக நிற்கும், நாங்கள் படியேறுவோம். இடுப்பு வலியோடு பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணை ஆறு மாடி ஏறவைத்துவிட்டு என்னிடம் தர்மம் பேசுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். மாதம் பிறந்ததும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் கேட்டால் வராத நாளையெல்லாம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.