எஃபோ ரீரோ வீட்டில் சமைத்தால் நீர்த்துப்போவது ஏன்?

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொருபா மக்களின் கீரைக் குழம்பான எஃபோ ரீரோ நீர்த்துப்போவதற்குப் பெரும்பாலும் கீரையைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால் மிளகாய் விழுதுக்கும் அதில் பங்குண்டு. சிவப்புக் குடைமிளகாய், காரமான குண்டு மிளகாய், வெங்காயம் ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, சூடேறிய செம்பனை எண்ணெயில் இட்டு, விழுது சுண்டி எண்ணெய் ஓரங்களில் பிரிந்து வரும்வரை, 15 முதல் 20 நிமிடங்களானாலும், அடிபிடிக்காமல் கிளற வேண்டும்.

அதன்பிறகே வேகவைத்த இறைச்சி, புகையூட்டிய மீன், காய்ந்த இறால் பொடி ஆகியவற்றோடு, 'இரு' எனப்படும் புளிக்கவைத்த மரவிதைகளையும் சேர்க்க வேண்டும். இருவின் வாடை புதியவர்களை முகம் சுளிக்க வைக்கும் என்றாலும், அதை விட்டுவிட்டால் இக்குழம்பின் தனிச்சுவையே போய்விடும் என்பது என் கருத்து.

அங்கே பெரிதும் பயன்படும் ஷோக்கோ கீரை, நம் பண்ணைக்கீரையின் இனமே, தண்டுக்கீரையும் ஏற்றதுதான். நறுக்கிய கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் மட்டும் அமிழ்த்தி, குளிர்நீரில் அலசி, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கடைசியில் சேர்த்து, மூடாமல் 3 அல்லது 4 நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும்.