பென் டிரைவை மாட்டினாலும் பூட் ஆகவில்லையா? கேள்வி பதில்

வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. அப்போதிருந்து மலையகத்தில் பலரும் பழைய லெப்டொப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து பூட் பண்ணி (தொடங்கி) போட்டுப் பார்க்கிறார்கள். கேட்பதற்கு முன் ஒன்று: "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இடத்தில் நின்றது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஹட்டன்: அண்ணா, மின்டின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு இயங்குதளமும் ஒரே ஃபைலாக இருப்பது) பென்னில் கொப்பி பண்ணினேன். பூட் ஆகவே இல்லை.

கொப்பி பண்ணினால் ஆகாது தம்பி. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருளால் பென்னில் எழுத வேண்டும். பென்னில் உள்ளதெல்லாம் அழியும், படங்களை முதலில் எடுத்து வையுங்கள்.

பண்டாரவளை: தம்பி, நான் ஆசிரியை. ரூஃபஸில்தான் எழுதினேன். ஆனாலும் லெப்டொப் நேரே வின்டோஸுக்கே போகிறது.

டீச்சர், வின்டோஸ் ரன் பெட்டியில் (வின்டோஸ் விசை + ஆர்) எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். 'பயோஸ் மோட்' என்ற வரி லெப்டொப் தொடங்கும் முறையைச் சொல்லும். அதில் யூஇஎஃப்ஐ என்றிருந்தால் ரூஃபஸில் 'பார்ட்டிஷன் ஸ்கீம்' என்ற இடத்தில் ஜிபிடி, லெகசி என்றிருந்தால் எம்பிஆர். இது மாறினால் பென் நன்றாக இருந்தும் பூட் மெனுவில் தெரியாமல் போகலாம்.

அது சரியாக இருந்தால் பூட் மெனுவைத் திறக்கும் விசையைப் பாருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 மெனுவைப் பயோஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் இயக்கிவிட வேண்டியிருக்கும். விசையே பிடிபடவில்லையா? வின்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள், 'யூஸ் எ டிவைஸ்' வரும். செக்கியூர் பூட் (அறியாத மென்பொருளைப் பூட் ஆக விடாத பாதுகாப்பு) தடுத்தால் அதைப் பயோஸில் அணைக்கலாம். ஆனால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் வந்து அழுகிறவர்கள்தான் அதிகம்.

தலவாக்கலை: பூட் ஆகிறது, பாதியில் எரர் வருகிறது. மழையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் டவுன்லோட் ஆனது.

அப்போ ஃபைல் மேல்தான் எனக்குச் சந்தேகம். ரூஃபஸில் செலக்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண் வரும். மின்ட் தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள், ஓர் எழுத்து மாறினாலும் திரும்ப இறக்க வேண்டியதுதான். எண் ஒத்துப்போனால் ரூஃபஸ் கேட்கும்போது டிடி மோடில் (ஐஎஸ்ஓவை அப்படியே பிரதி எடுக்கும் முறை) எழுதிப் பாருங்கள், அல்லது வேறு பென்.

மஸ்கெலியா: புது லெப்டொப். இன்ஸ்டோலர் வருகிறது, ஹார்ட் டிஸ்க் மட்டும் இல்லை.

இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு காரணமாக இருக்கலாம். பயோஸில் அதை அணையுங்கள். ஏற்கெனவே உள்ள வின்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அதில் கை வைக்க வேண்டாம், வின்டோஸ் பிறகு பூட் ஆகாமல் போகலாம்.

பதுளை: போட்டு முடித்தாயிற்று. ரீஸ்டார்ட் பண்ணினால் மறுபடியும் இன்ஸ்டோலரே வருகிறது.

பென்னைக் கழற்றுங்கள்!