வாசகர் கேள்வி: மேக அறையில் கோடு ஏன் தெரியவில்லை?

கேள்வி: எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளோடு மேக அறை (கண்ணுக்குத் தெரியாத கதிர்த் துகள்கள் போன வழியை ஆல்கஹால் ஆவியில் கோடாகக் காட்டும் தொட்டி) செய்தோம். உலர் பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்தும் வெறும் மூட்டம்தான். கதிர்த்தடம் ஒன்றுகூட இல்லை. எங்கே பிசகினோம்?
— ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: மருந்துக்கடை ஆல்கஹாலா ஊற்றினீர்கள், டீச்சர்? அது பெரும்பாலும் 70 விழுக்காடுதான், மீதி தண்ணீர். 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால் வேண்டும்; எலக்ட்ரானிக் சாமான் கடையில் கேளுங்கள். தொட்டியின் மேற்பகுதியில் ஒட்டிய ஃபெல்ட் துணி நன்றாக நனையட்டும், சொட்டக்கூடாது.

அடுத்தது தட்டு. உலர் பனிக்கட்டி −78 டிகிரி செல்சியஸ். ஆனால் தொட்டியின் அடியில் உள்ள கறுப்புத் தட்டுக்கும் அதற்கும் நடுவே காற்று புகுந்தால் குளிர் ஏறாது. கட்டியைத் துணியில் சுற்றி நொறுக்கி, சமமாகப் பரப்பி, தட்டை அழுத்தி வையுங்கள். விளிம்பை டேப்பால் அடையுங்கள், நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போனாலும் மூட்டம்தான். பத்து நிமிடம் பொறுத்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தட்டோடு தாழ்வாகப் பக்கவாட்டில் அடியுங்கள். தடித்த குட்டைக் கோடு ஆல்பா துகள் (ஹீலியம் அணுக்கரு). நூல்போல் நெளிவது எலக்ட்ரான். நீண்டு நேராகப் போவது பெரும்பாலும் வானிலிருந்து வரும் மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்). பிள்ளைகள் அதைப் பார்த்தே ஆகவேண்டும்!

கோடுகள் கூடுதலாக வேண்டுமென்றால் வெல்டிங் பட்டறையில் சிவப்பு முனை டங்ஸ்டன் கம்பி கேளுங்கள். அதில் சுமார் 2 விழுக்காடு தோரியம் என்ற கதிரியக்க உலோகம் உண்டு. அதைத் தீட்டவே கூடாது, தூள் நுரையீரலுக்குப் போகும். பனிக்கட்டிக்குத் தடித்த கையுறை, திறந்த ஜன்னல். இறுக மூடிய டப்பாவில் வைத்தால் வெடிக்கும். பக்கத்தில் நெருப்பும் வேண்டாம்.