பசியாற்றும் பணி: கேள்வி பதில்

அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளிகளுக்கு உணவு உண்டு. உடன் வந்து தாழ்வாரத்திலும் வாசல் நடைபாதையிலும் தங்கியிருப்போருக்கு அது கிடையாது. அவர்களுக்கு இரவு உணவு வழங்கும் சென்னைக் குழு ஒன்றின் ஒருங்கிணைப்பாளர், பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: மகளின் பிறந்தநாளன்று நூறு பேருக்குச் சாப்பாடு போட விரும்புகிறோம். எங்கே கொடுத்தால் நல்லது?

பதில்: எங்கே என்பதைவிட என்றைக்கு என்பதை முதலில் யோசியுங்கள். உங்கள் மகளின் பிறந்தநாள் அமாவாசையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஏதேனும் ஒரு தலைவரின் பிறந்தநாளிலோ வந்தால், நீங்கள் போய் நிற்கும் அதே வாசலில் இன்னும் மூன்று வண்டிகள் நிற்கும். ஒருவர் கையில் மூன்று பொட்டலங்கள் சேரும். பாதி குப்பைக்குப் போகும். அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே பிறந்தநாளை வீட்டில் கொண்டாடிவிட்டு, அதே தொகையில் வார நாள் ஒன்றின் உணவை ஏற்றுக்கொள்ளுங்கள்; மாதக் கடைசி வாரமானால் இன்னும் நல்லது. வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அங்கே போற்ற வேண்டியது அந்த இடைவிடாமையைத்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: திருமண மண்டபத்தில் மிஞ்சும் உணவை எடுத்துக்கொள்வீர்களா?

பதில்: எடுத்துக்கொள்வோம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. வரவேற்பு முடிந்து இரவு பதினொரு மணிக்கு அழைப்பவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் சாப்பிட வேண்டியவர்கள் பசியோடு உறங்கிவிடுவார்கள். இரண்டாம் பந்தி எழும்போதே எவ்வளவு மிஞ்சும் என்பது சமையல் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். அப்போதே அவரைக் கேட்டு எங்களுக்குச் சொன்னால், அண்டாவில் கரண்டி படாமல் இருக்கும் சோற்றைச் சூட்டோடு எடுத்துவிடலாம்.

சூடு என்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் கிருமிகள் பெருகத் தொடங்குகின்றன. குறிப்பாகச் சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போவதில்லை. மணிக்கணக்கில் ஆறிக் கிடந்த சோற்றைக் கொதிக்க வைத்துக் கொடுப்பது பாதுகாப்பு ஆகாது என்பதை ஒவ்வொரு தன்னார்வலருக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். தேங்காய்ச் சட்னி, தயிர்ப்பச்சடி, இலையில் பரிமாறியது ஆகியவற்றை யார் கொடுத்தாலும் வாங்குவதில்லை. எப்போது சமைத்தது, எப்போது எடுத்தது, யார் கொடுத்தது என்று குறித்து வைப்பது எங்கள் வழக்கம். மிகுதி உணவைப் பெற்று வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் தனி விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. புதிதாகக் குழு தொடங்குவோர் அவற்றைப் படித்து, பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: பணமாகத் தருவதா, பொருளாகத் தருவதா?

பதில்: பணமே உதவும். வீட்டுக்கு வீடு வாங்கிய அரிசியை ஒரே மூட்டையில் கொட்டித் தந்தால், பச்சரிசி குழைந்துவிடும், புழுங்கலரிசி விதை விதையாக நிற்கும். அந்தச் சோற்றை யாருக்கும் போட மனம் வராது. பொருளாகத்தான் தருவேன் என்பவர்கள் எங்களிடம் கேட்டுவிட்டு ஒரே ரகமாக வாங்கித் தரட்டும். வரிச் சலுகை எதிர்பார்ப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் பதிவு (80ஜி என்று சொல்லப்படுவது) பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, பொருளாகக் கொடுத்ததற்கும் இல்லை.

கேள்வி: எனக்குச் சமைக்கத் தெரியாது. வாரத்தில் ஒரு மாலைதான் வர முடியும். பயன்படுவேனா?

பதில்: தாராளமாக. அண்டா கழுவுவதற்குத்தான் எப்போதும் ஆள் குறைவு. பொட்டலம் கட்டுவது, வண்டி ஓட்டுவது, கணக்கு எழுதுவது என்று வேலை நிறைய இருக்கிறது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளதால், வாழையிலையைத் துடைத்து, தணலில் லேசாக வாட்டி, கிழியாமல் மடிப்பதற்கே இருவர் தேவைப்படுகிறார்கள். ஆனால் வருவதாகச் சொன்ன மாலையில் வந்துவிட வேண்டும். பத்து நாள் ஆர்வமாக வந்து பிறகு காணாமல் போகிறவரைவிட, மாதம் ஒரு முறை தவறாமல் வருபவரை நம்பி நாங்கள் உலை வைக்கலாம்.

கேள்வி: படம் எடுத்துப் பகிரலாமா?

பதில்: அண்டாவை எடுங்கள், அடுப்பை எடுங்கள். வாங்குபவரின் முகத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: ரேஷன் அரிசி இலவசம், அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். இதற்குமேல் இலவச உணவு மக்களைச் சோம்பேறிகளாக்காதா?

பதில்: ரேஷன் அரிசி பசியைக் குறைத்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகமும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டமும் அவ்வாறே. ஆயினும், விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அறுவை சிகிச்சைக்காகத் தந்தையை அழைத்து வந்திருக்கும் மகனை எண்ணிப் பாருங்கள். அவருடைய அரிசி ஊரில் இருக்கிறது. அடுப்பும் அங்கேதான் இருக்கிறது. இங்கே தங்கும் ஒவ்வொரு நாளும் கூலி போய்விடுகிறது. கையிலுள்ள பணத்தை வெளியில் வாங்க வேண்டிய மருந்துக்கும் ஊர் திரும்பும் பேருந்துக்கும் எண்ணி வைத்திருப்பவர், முதலில் விட்டுவிடுவது தன் சாப்பாட்டைத்தான். அவரைச் சோம்பேறி என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? அம்மா உணவகம் அருகில் இருந்தால் வழி சொல்வதும் எங்கள் வேலையின் ஒரு பகுதி. அங்கே கிடைப்பதை நாங்கள் மறுபடி சமைக்க வேண்டியதில்லை.

கேள்வி: வெள்ளக் காலத்தில் எப்படி உதவுவது?

பதில்: 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் வண்டி போகக்கூடிய பெரிய சாலைகளின் ஓரம் பொட்டலங்கள் குவிந்தன, உள்தெருக்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தத் தெருவிலேயே வசிக்கும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, எத்தனை வீடு, எத்தனை கைக்குழந்தை, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்ட பிறகே புறப்படுங்கள். முதல் சில நாட்களுக்குக் குடிநீரும் பால் பவுடரும் பிரெட்டும் போதும். தண்ணீர் வடிந்து, உதவி வண்டிகள் நின்றுபோகும் இரண்டாவது வாரத்தில் அரிசி, பருப்பு, எண்ணெயோடு அடுப்பும் பாத்திரமும் தேவைப்படும். முடிந்தால் உங்கள் பணத்தில் பாதியை அந்த வாரத்திற்கென்று ஒதுக்கி வையுங்கள்.